சதுரங்க வேந்தர் கப்பாபிளாங்கா

கியூபாத் தீவின் தலைநகர் ஹவானா. அதன் துறைமுக வாயிலைக் காத்து நிற்கிறது மோரோ என்னும் பழங்கோட்டை. தீவு அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. கோட்டையில் பணிபுரிந்த படை அலுவலர் ஒருவர், தம் அறையில் நண்பரோடு சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்கிறார். அருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான் அவருடைய மகன். அவனுக்கு இன்னும் ஐந்து வயது நிரம்பவில்லை. ஆட்டத்தை யாரும் அவனுக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. இப்படி இரண்டு நாள் பார்த்தான். மூன்றாம் நாள் தந்தையார் வெள்ளைக் கட்டத்தில் நின்ற தம் குதிரையை மற்றொரு வெள்ளைக் கட்டத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். குதிரை அப்படிப் பாயாது என்பது ஆட்டம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். எதிரே இருந்தவர் கவனிக்கவில்லை. தந்தையே வென்றார். பையன் கைகொட்டிச் சிரித்தான். அப்பா ஏமாற்றி வென்றுவிட்டார் என்றான்.

தந்தைக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? ஆனால் கோபத்தோடு அவர் நின்றுவிடவில்லை. உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார். பையன் காய்களை முறைப்படி அடுக்கினான். பிழை நேர்ந்த இடத்தைக் காட்டினான். பிறகு தந்தையோடு ஆடி அவரை வென்றும் விட்டான்.

பெரியவர்களின் இளமைக் கதைகளில் பாதி பின்னால் முளைத்தவை என்று எண்ணுகிறவன் நான். அறிவியல் படிப்பவனுக்கு அந்த ஐயம் இருக்கத்தான் வேண்டும். ஆயினும் இந்தக் கதையை ஹோசே ராவுல் கப்பாபிளாங்கா தாமே எழுதிவைத்திருக்கிறார். அவர் பிறந்தது 1888 நவம்பர் 19. ராணியை விட்டுக்கொடுத்து ஆடிய ஒருவரை 1893-இல் அவர் வென்ற ஆட்டம், நகர்த்தலுக்கு நகர்த்தல் குறிக்கப்பெற்று இன்றும் கிடைக்கிறது. ஆகவே நம்பலாம்.

கப்பாபிளாங்காவைப் பற்றி எழுதுவோர் அனைவரும் அந்தக் குழந்தையின் அறிவைக் கண்டு வியப்பர். எனக்கோ அந்தத் தந்தையைக் கண்டுதான் வியப்பு. சில நாளில் அவர் மகனை ஹவானா சதுரங்கக் கழகத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்த வல்லவர்களால் ராணியை விட்டுக்கொடுத்து அவனை வெல்ல முடியவில்லை. ஊரே பேசியிருக்கும். வேறொரு தந்தையாயிருந்தால் அன்றே மகனை மேடைக்கு மேடை ஏற்றிக் காட்சிப் பொருளாக்கியிருப்பார். இவர் ஒரு மருத்துவரிடம் கேட்டார். இவ்வளவு சிறு மூளைக்கு இவ்வளவு உழைப்பு ஆகாது என்பது மருத்துவர் கருத்து. தந்தை ஆட்டத்தை நிறுத்திவைத்தார். மருத்துவர் சொன்னதை இன்றைய அறிவியல் ஏற்குமா என்பது வேறு கேள்வி. தம் மகனின் திறமையைத் தம் பெருமையாக்கிக்கொள்ளாமல் ஒருவர் பொறுத்திருந்தார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எட்டு வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கழகத்துக்குச் செல்ல அனுமதி கிடைத்தது. சில திங்களில் அங்கிருந்த மிக வல்ல ஆட்டக்காரராலும் கோட்டைக் காயை விட்டுக்கொடுத்து அவனை வெல்ல முடியவில்லை. பிறகு குடும்பம் ஹவானாவை விட்டுச் செல்ல, ஆட்டம் மீண்டும் நின்றது. அந்த இடைவெளியில் திறமை எங்கும் ஓடிவிடவில்லை.

இதை நான் இவ்வளவு வளர்த்தி எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2024-இல் நம் குகேஷ் 18 வயதில் உலக வாகை சூடிய பிறகு, தமிழ்நாட்டில் சதுரங்கப் பலகை இல்லாத தெரு இல்லை எனலாம். திருச்சியில் இருக்கும் என் அக்காளின் மகனுக்கு வயது ஏழு. அவனுக்கும் பித்துப் பிடித்திருக்கிறது. நாளைக்கு எத்தனை மணி ஆடவிடலாம், பயிற்சிக்கு எவ்வளவு செலவழிக்கலாம், பள்ளியை என்ன செய்வது என்றெல்லாம் அக்காள் தொலைபேசியில் என்னைக் கேட்கிறாள். விடுதி அறையில் மட்டமாக ஆடித் தோற்கும் என்னையா கேட்பது! ஆனாலும் அந்தக் கேள்விகள்தாம் என்னைக் கப்பாபிளாங்காவின் வரலாற்றைத் தேடிப் படிக்கவைத்தன.

1901-இன் இறுதியில் கியூபாவின் முதல்வராக விளங்கிய ஹுவான் கோர்சோவோடு போட்டி ஏற்பாடாயிற்று. பையனுக்கு அப்போதுதான் 13 வயது பிறக்கிறது. ஆட்டத்தின் தொடக்கமுறைகளை அவன் கற்றதில்லை. அவனுக்குப் பிடித்ததெல்லாம் பலகையில் சில காய்களே எஞ்சி நிற்கும் கடைக்கட்டம். முதல் இரண்டு ஆட்டங்களும் தோல்வி. மூன்றாவது சமநிலையில் முடிந்தது. அதில் எதிரியின் வலுக்குறைவு ஒன்று அவன் கண்ணில் பட்டது, துணிவு பிறந்தது. நான்கு வெற்றி முதலில் பெறுபவரே வென்றவர் என்பது விதி. அந்த நான்கையும் பையனே பெற்றான். ஆனால் 1902-இல் நடந்த நாட்டுப் பெரும்போட்டியில் நான்காம் இடம்தான் வாய்த்தது. வெற்றிக்கதைகளைச் சொல்வோர் இந்த நான்காம் இடத்தை விழுங்கிவிடுவது வழக்கம்.

இனி வருவது எனக்கு மிக நெருக்கமான பகுதி. நான் வேதியியல் மாணவன். கப்பாபிளாங்காவும் வேதியியல் பொறியியல் படிக்கவே அமெரிக்கா சென்றார். செல்வர் ஒருவர் படிப்புச் செலவை ஏற்றார். நியூயார்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. கணக்கு நன்றாக வந்தது. பேஸ்பாலும் நன்றாக ஆடினார். ஆனால் அவர் மனம் ஆய்வுக்கூடத்தில் இல்லை. மன்ஹாட்டன் சதுரங்கக் கழகத்தில் இருந்தது. அங்கு 1906-இல் நடந்த விரைவாட்டப் போட்டியில், உலக வாகையர் லாஸ்கரே கலந்துகொண்டிருந்தும், 17 வயதுக் கப்பாபிளாங்கா முதலிடம் பெற்றார். படிப்பைவிட ஆட்டத்தையே அவர் விரும்பினார் என்பதால் செல்வரின் உதவி பிற்பாடு நின்றது. பட்டம் பெறாமலே வெளியேறினார்.

அந்தச் செல்வரை எளிதில் பழித்துவிடலாம். என்னால் இயலவில்லை. என் படிப்புக்கும் என் தாய்மாமன்தான் பணம் அனுப்புகிறார். மருந்து ஆலை ஒன்றில் நான் வேலைக்கு அமர்வேன் என்பது அவர் கனவு. நாளை நான் பாட்டுப் பாடப் போகிறேன் என்று சொன்னால் அவர் முகம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். பணம் கொடுப்பவர் ஒரு வழியைக் காட்டித்தான் கொடுக்கிறார். பெறுபவனோ வேறொரு வழியில் நடக்கப் பிறந்திருக்கிறான். இருவர் மேலும் குற்றமில்லாத வழக்கு இது. அன்று கப்பாபிளாங்காவுக்கு இருந்தது திறமை மட்டுமே, வருமானம் இல்லை. அவர் வென்றார் என்பதால் இன்று நாம் அவர் பக்கம் பேசுகிறோம். வெல்லாதவர்களின் பெயரை நாம் கேட்டதே இல்லை.

அதன் பிறகு புகழ் விரைந்து வந்தது. 1909-இல் அமெரிக்காவின் மார்ஷலை 8 வெற்றி, 1 தோல்வி, 14 சமநிலை என்னும் கணக்கில் வீழ்த்தினார். 1911-இல் ஸ்பெயினின் சான் செபாஸ்தியான் நகரப் போட்டிக்கு அழைக்கப்பட்டபோது, இவருக்கு இங்கே என்ன தகுதி என்று பெர்ன்ஸ்டைன் மறுப்புத் தெரிவித்தார். முதல் சுற்றிலேயே பெர்ன்ஸ்டைனை வென்ற கப்பாபிளாங்கா, முடிவில் முதற்பரிசையும் பெற்றார். 1913-இல் கியூப அரசு தன் வெளியுறவுத் துறையில் அவருக்குப் பதவி அளித்தது. வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாடு நாடாகச் சென்று ஆடுவதே வேலை! செல்வர் நிறுத்திய உதவியை அரசு தொடர்ந்தது எனலாம். 1921-இல் ஹவானாவிலேயே லாஸ்கரை எதிர்த்து 14 ஆட்டங்கள் ஆடினார். நான்கில் வெற்றி, பத்தில் சமநிலை, தோல்வியே இல்லை. உலக வாகை அவருடையதாயிற்று. 1916 முதல் 1924 வரை எட்டு ஆண்டுகள் போட்டி ஆட்டம் ஒன்றிலேனும் அவர் தோற்றதில்லை.

எளிதாக வந்த திறமைக்கு ஒரு குறை உண்டு. உழைப்பு என்பது அவருக்குப் பழகாத பொருளாகவே இருந்துவிட்டது. 1927-இல் புவெனஸ் ஐரிஸ் நகரில் அலெஹின் எதிரே வந்து அமர்ந்தபோது உலகம் கப்பாபிளாங்காவே வெல்வார் என்றது. அலெஹின் அதற்கு முன் அவரை ஒருமுறைகூட வென்றதில்லை. ஆனால் அலெஹின் அவருடைய ஆட்டங்களை ஒன்றுவிடாமல் ஆராய்ந்து வந்திருந்தார். 34 ஆட்டங்கள் நீண்ட அப்போட்டியில் அலெஹினுக்கு 6, கப்பாபிளாங்காவுக்கு 3. மற்ற 25-உம் சமநிலை. வாகை போயிற்று. மறுபோட்டி கடைசிவரை நடக்கவே இல்லை. அந்த இழப்பை மட்டும் அவர் தந்தையின் கணக்கில் எழுத என் கை வரவில்லை. சிறுவனாக இருந்தபோது ஆட்டத்தை மறைத்துவைத்தது சரி. வளர்ந்தபின் வியர்வை சிந்தப் பழக்கவேண்டியவர் யார்? அக்காளுக்கு நான் இன்னும் விடை சொல்லாமல் இருப்பது இந்த ஒரு கேள்விக்குத்தான்.

1936-இல் மாஸ்கோவில் முதலிடம். அதே ஆண்டு நாட்டிங்ஹாமில் போட்வின்னிக்கோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். 1939-இல் கியூபாவுக்காக முதற்பலகையில் ஆடிப் பொற்பதக்கம் பெற்றார். 1942 மார்ச் 7 அன்று மன்ஹாட்டன் கழகத்தில், பிறர் ஆடிய ஆட்டமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நினைவிழந்து விழுந்தார். மறுநாள் காலை மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 53. உடல் கப்பலேறிக் கியூபா சேர்ந்தது. ஹவானாவின் கொலோன் இடுகாட்டில், அவர் கல்லறையின்மேல் சலவைக்கல்லில் வடித்த ஒரு பெரிய ராஜாக் காய் நிற்கிறது.