இந்திய கால்பந்து அணிக்கு கோச் தேடும்போதெல்லாம் அடிபடும் பெயர்: யார் இந்த ரஹீம் சாஹிப்?

இந்திய கால்பந்து அணியின் பயிற்சியாளர் நாற்காலி காலியாகும்போதெல்லாம் ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். வெளிநாட்டு கோச் வந்தால்தான் அணி உருப்படும் என்பது ஒரு தரப்பு. நம்ம ஊர்க்காரருக்கு வாய்ப்பு கொடுத்துப் பாருங்க என்பது இன்னொரு தரப்பு. 2025 ஜூலையில் மனோலோ மார்க்கெஸ் விலகியபோதும் இதேதான் நடந்தது. ஒரே ஆண்டில் அவர் கிளம்பிவிட்டார். ஃபிஃபா தரவரிசையில் இந்தியா அப்போது 133வது இடம். காலியான அந்த ஒரு பதவிக்கு 170 பேர் விண்ணப்பித்தார்கள்.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. பார்சிலோனா ஜாம்பவான் சாவி விண்ணப்பித்திருக்கிறார் என்று செய்தி பரவ, ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள். கடைசியில் சாவி, பெப் கார்டியோலா பெயர்களில் வந்த மின்னஞ்சல்கள் உண்மையானவை அல்ல என்று கூட்டமைப்பே அறிக்கை விட வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 1ஆம் தேதி காலித் ஜமீல் நியமிக்கப்பட்டார். 13 ஆண்டுகளுக்குப் பிறகு இந்திய அணிக்கு ஓர் இந்தியர் தலைமைப் பயிற்சியாளர்.

இந்த விவாதத்தில் இரு தரப்புமே தங்களுக்குச் சாதகமாக இழுக்கும் பெயர் ஒன்று உண்டு. சையத் அப்துல் ரஹீம். இறந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. 2024 ஏப்ரலில் அஜய் தேவ்கன் நடிப்பில், ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் வெளியான 'மைதான்' இந்திப் படம் இவரது கதைதான். படம் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கும். ஆனால் படத்தில் வந்ததைவிட வராத பகுதிதான், இன்றைய விவாதத்துக்கு அதிகம் தேவைப்படுகிறது.

பள்ளிக்கூட வாத்தியார்

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17 அன்று ஹைதராபாத்தில் பிறந்தவர். அப்போது அது நிஜாம் ஆட்சி. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது கால்பந்து ஆடினார், நன்றாகவே ஆடினார். ஆனால் பெரிய ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்தவர் இல்லை. படிப்பு முடிந்ததும் பள்ளி ஆசிரியர் ஆனார். பிறகு உடற்கல்விப் பயிற்சியும் முடித்தார். பாடம் நடத்திய நேரம் போக மீதி நேரம் மைதானம்.

1940களில் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் பொறுப்பும், ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியும் அவர் கைக்கு வந்தன. அன்றைய இந்திய கால்பந்து என்றால் கொல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று கிளப்புகளைத் தாண்டி யாரும் யோசிக்காத காலம். அந்தக் காலத்தில் ஒரு போலீஸ் அணி 1950இல் தொடங்கி 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1950இல் டூரண்ட் கோப்பையும் அதே அணிக்கு. பெரிய பணம் கிடையாது, பெரிய நட்சத்திரங்கள் கிடையாது. வாத்தியார் ஒருவர் இருந்தார்.

அவர் என்ன செய்தார் என்று பார்த்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கும். வலது காலால் மட்டுமே நன்றாக உதைக்கிற பையன்களை இடது காலால் மட்டுமே ஆட வைத்துப் போட்டிகள் நடத்தினார். பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டுகிற டிரிப்ளிங்குக்கே அனுமதி இல்லாத போட்டிகளும் உண்டு. பந்து வந்தால் நிறுத்து, பாஸ் கொடு, அவ்வளவுதான். தனி ஆளாக நாலு பேரை ஏமாற்றி ஓடுவதைத்தான் அன்றைய ரசிகர்கள் கைதட்டி ரசித்தார்கள். ரஹீமுக்கு அதில் பெரிய மரியாதை இல்லை.

ஆள் தேடுவதிலும் வாத்தியார்தான். செகந்திராபாத் பக்கம் அம்முகுடா என்ற சின்ன கிராமத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பையன் ஒருவன். பயிற்சிக்கு ஹைதராபாத் வரை வந்துபோகக் கையில் காசில்லை. வாடகை சைக்கிளுக்கான காசை ரஹீமே கொடுத்து வரவழைத்தார். அந்தப் பையன்தான் துளசிதாஸ் பலராம். பிற்காலத்தில் பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி ஆகியோருடன் சேர்த்து மும்மூர்த்திகள் போலப் பேசப்பட்ட ஆட்டக்காரர்.

10-1: ஆனாலும் வேலை போகவில்லை

1950இல் இந்திய அணிப் பொறுப்பு ரஹீமிடம் வந்தது. அடுத்த ஆண்டே டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. இறுதிப் போட்டியில் ஈரானை 1-0 என்று வீழ்த்தி இந்தியா தங்கம் வென்றது. கோல் அடித்தவர் மேவாலால். ஆரம்பமே அமர்க்களம் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ். எதிரணி யூகோஸ்லாவியா. முடிவு 10-1. ஆமா, பத்து கோல். நம் வீரர்களில் பலர் வெறுங்காலுடன் அந்தக் குளிரில் ஆடினார்கள். உள்ளூர்ப் போட்டிகள் அப்போது முழுசாக 90 நிமிடம்கூட நடப்பதில்லை. ஆகவே கடைசி நேரத்தில் ஓட மூச்சும் இல்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு ஒரு கோச் 10-1 என்று தோற்றுவிட்டு விமானம் ஏறினால், தரையிறங்குவதற்குள் அவர் பதவி போயிருக்கும். ரஹீமுக்குப் போகவில்லை. இந்தக் கதையில் மிக முக்கியமான இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தங்கம் வென்ற 1951ஐவிட, தோற்ற பிறகும் தொடர விட்ட 1952.

தொடர்ந்தவர் சும்மா இருக்கவில்லை. ஹெல்சிங்கியில் தங்கம் வென்ற ஹங்கேரி அணியின் ஆட்டமுறை அவரை யோசிக்க வைத்தது. சென்டர் ஃபார்வர்டு எதிரணி கோல் வாசலிலேயே நிற்காமல் பின்னால் இறங்கி வந்து ஆடுவது. அப்படி வரும்போது அவரைப் பிடிக்க வேண்டிய டிஃபெண்டருக்குக் குழப்பம்: கூடவே போவதா, நின்ற இடத்தில் நிற்பதா? ரஹீம் அதை இங்கே கொண்டுவந்தார். 1958 உலகக் கோப்பையில் பிரேசில் ஆடி உலகமே பேசிய 4-2-4 முறையையும் அதற்கு முன்பே நம் ஆட்களிடம் முயன்று பார்த்தவர் அவர். இந்தியாவில் பூட்ஸ் கட்டாயமானதும் அந்த ஹெல்சிங்கி அடிக்குப் பிறகுதான்.

மெல்போர்ன் 1956

அடுத்த ஒலிம்பிக்ஸில் பலன் தெரிந்தது. ஹங்கேரி விலகிக்கொண்டதால் முதல் சுற்றில் இந்தியா ஆட வேண்டியிருக்கவில்லை. காலிறுதியில் போட்டியை நடத்தும் ஆஸ்திரேலியா. இந்தியா 4-2. நெவில் டிசோசா மூன்று கோல், கிருஷ்ணசாமி என்கிற கிட்டு ஒரு கோல். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியா.

அரையிறுதியில் மறுபடியும் அதே யூகோஸ்லாவியா. இந்தமுறை முதல் கோலை அடித்தது இந்தியா. பிறகு 4-1 என்று தோற்றது உண்மை. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0. பதக்கம் இல்லை, நான்காவது இடம். ஆனால் நான்கே ஆண்டுகளில் 10-1இலிருந்து இங்கே வந்திருந்தார்கள்.

1960 ரோம் ஒலிம்பிக்ஸில் பிரிவு கடினமானது. ஹங்கேரியிடம் 2-1 என்று ஒரே கோலில் தோல்வி. அந்த ஹங்கேரி கடைசியில் வெண்கலம் வென்றது. பிரான்ஸுடன் 1-1 டிரா, பெருவிடம் தோல்வி. இந்திய ஆண்கள் கால்பந்து அணி ஒலிம்பிக்ஸில் ஆடியது அதுதான் கடைசி. அதற்குப் பிறகு ஒருமுறைகூடத் தகுதி பெறவில்லை.

ஜகார்த்தா 1962: என்னதான் நடந்தது?

அந்த நேரத்தில் ரஹீமுக்குப் புற்றுநோய். அந்த உடம்போடுதான் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்கு அணியை அழைத்துப் போனார்.

முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றாலும், தடுப்பாட்டத்தின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2-0 என்று வென்று அரையிறுதிக்கு வந்தாயிற்று. ஜர்னைல் இல்லாமல் எப்படி? இங்கேதான் ரஹீம் ஒரு காரியம் செய்தார். தலையில் கட்டோடு இருந்த அந்த டிஃபெண்டரை முன்வரிசையில், ஸ்ட்ரைக்கராக நிறுத்தினார். ஜர்னைல் இளம் வயதில் முன்வரிசையில் ஆடிய அனுபவம் உள்ளவர் என்பது அவருக்குத் தெரியும். தென் வியட்நாமுக்கு எதிரான அந்த அரையிறுதியில் ஜர்னைல் கோல் அடித்தார். 3-2 என்று இந்தியா வென்றது.

மைதானத்துக்கு வெளியே நிலைமை மோசம். இஸ்ரேல், தைவான் வீரர்களை இந்தோனேசியா அனுமதிக்கவில்லை. அப்படியிருக்க இதை ஆசியப் போட்டி என்றே அழைக்கக்கூடாது என்று ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பில் இருந்த இந்தியரான ஜி.டி. சோந்தி கிளப்பிய பிரச்சினை, ஜகார்த்தா மக்களை இந்தியாவுக்கு எதிராகத் திருப்பிவிட்டது. இந்தியத் தூதரகத்தைக் கும்பல் தாக்கியது. வீரர்கள் வெளியே தலைகாட்ட அஞ்சினார்கள்.

இறுதிப் போட்டிக்கு முந்தைய இரவு யாருக்கும் தூக்கம் வரவில்லை. ரஹீம் வீரர்களை நடைக்கு அழைத்துப் போனார். நாளைக்கு எனக்கு ஒரு பரிசு வேண்டும், தங்கப் பதக்கம் என்று கேட்டார். அந்த இரவைப் பற்றி அவரது வீரர்கள் வயதான பிறகும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 4. அரங்கில் ஏறத்தாழ 1 லட்சம் பேர். இந்தியா பந்தைத் தொட்டாலே கூச்சல். எதிரே முதல் ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்த அதே தென் கொரியா. கோல் வாசலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ், நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்டில் வளர்ந்த ஆட்டக்காரர். 17ஆவது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி கோல். மூன்றே நிமிடத்தில் அடுத்த கோல். அடித்தது யார்? தலையில் கட்டோடு ஜர்னைல் சிங். கொரியா கடைசி நிமிடங்களில் ஒன்றைத் திருப்பியது, ஆனால் 2-1 என்று தங்கம் இந்தியாவுக்கு. அந்தக் கூட்டத்தில் இந்தியாவுக்காகக் குரல் கொடுத்த சிலரில் பாகிஸ்தான் ஹாக்கி அணியினரும் இருந்தார்கள் என்று நம் வீரர்கள் பின்னாளில் நன்றியோடு சொன்னார்கள்.

அடுத்த ஆண்டு, 1963 ஜூன் 11 அன்று ரஹீம் இறந்தார். வயது 53.

ரசிகர்கள் சொல்வது சரியா?

ரஹீம் இந்தியர்தானே, அப்போ இந்திய கோச் போதும் என்கிறது ஒரு தரப்பு. அவருக்குப் பிறகு வந்த இந்தியர்கள் என்ன சாதித்தார்கள், அவர் ஹங்கேரியைப் பார்த்துத்தானே கற்றார் என்கிறது மறுதரப்பு. இரண்டும் பாதிதான். ரஹீம் மறைந்த மறு ஆண்டே, 1964 ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பிடித்தது. அப்போது கோச் ஹாரி ரைட் என்ற ஆங்கிலேயர். ஆனால் ஆடியவர்களில் பெரும்பாலோர் ரஹீம் வளர்த்த ஆட்கள். 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம். அதோடு நின்றுபோனது. எந்த நாட்டு கோச் என்பதைவிட, கோச்சுக்குக் கீழே யார் ஆள் தயாரிக்கிறார்கள் என்ற கேள்வியைத்தான் இந்த வரலாறு கேட்கிறது. ரஹீமுக்கு ஒரு போலீஸ் அணி இருந்தது, ஒரு மாநிலச் சங்கம் இருந்தது, பள்ளிக்கூடங்கள் இருந்தன. இந்திய அணிக்கு வரும் பையன் என்ன கற்றுக்கொண்டு வருகிறான் என்பதே பாதி அவர் கையில் இருந்தது. இப்போதைய கோச்சுகளுக்குச் சில நாள் முகாம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

காலித் ஜமீலின் கதையும் அதைத்தான் காட்டியது. பொறுப்பேற்ற அடுத்த மாதமே மத்திய ஆசிய நாடுகளுக்கான தொடரில் ஓமனை பெனால்டி ஷூட்அவுட்டில் வென்று மூன்றாம் இடம். ரசிகர்கள் கொண்டாடினார்கள். அக்டோபர் 14 அன்று கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு பறிபோனதும் அதே ரசிகர்கள் மறுபடி வெளிநாட்டு கோச் பேச்சை எடுத்தார்கள். முந்தைய கோச் காலத்திலேயே ஹாங்காங்கிடம் தோற்று, பாதிப் பள்ளம் தோண்டியாயிற்று என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

பி.கே. பானர்ஜிக்கும் சுனி கோஸ்வாமிக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவருக்குக் கிடைக்கவில்லை. ரஹீமின் மகன் எஸ்.எஸ். ஹக்கீம் 1960 ரோம் அணியில் இடம்பெற்றவர், பின்னாளில் சர்வதேச நடுவராகவும் இருந்தவர். தந்தையின் கதை படமாக வெளியாவதற்குள், 2021 ஆகஸ்டில் அவரும் இறந்துவிட்டார். ரஹீமின் ஊர்ப் பெயரில் ஒரு ஐ.எஸ்.எல். அணி இருந்தது, ஹைதராபாத் எஃப்.சி. 2022இல் கோப்பையும் வென்றது. 2025 அக்டோபரில் அந்த அணியை டெல்லிக்கு மாற்றி, பெயரையும் மாற்றிவிட்டார்கள்.