கடல் கடந்த கல்வியும் கலைந்த திட்டங்களும்

அண்ணல் அம்பேத்கர் பெற்ற பட்டங்களை ஒவ்வொன்றாய் எடுத்துரைப்பது நம் கூட்டங்களில் வழக்கமாகிவிட்டது. எம்.ஏ., பிஎச்.டி., எம்.எஸ்சி., டி.எஸ்சி., பாரிஸ்டர் என்று பேச்சாளர் அடுக்க, அரங்கில் கையொலி எழுகின்றது. கேட்டிருக்கும் மாணவனோ, ஒரு பேரறிவாளர் ஒரே பயணத்தில் சென்று ஒரே மூச்சில் பறித்து வந்த கனிகளே இவையனைத்தும் என்று எண்ணிக்கொள்கின்றான். நடந்தது அதுவன்று. 1913 முதல் 1923 வரையுள்ள பத்தாண்டுகளில் அண்ணல் இருமுறை கடல் கடந்தார். வகுத்த திட்டம் வகுத்தபடி ஒருமுறையேனும் நிறைவேறவில்லை. இவ்வெள்ளி விழா மலரில் நாம் எழுத விழைவது அப்பட்டங்களைப் பற்றியன்று; அவற்றின் இடையே கிடந்த காலத்தைப் பற்றி.

பம்பாயில் பி.ஏ. முடித்த இளைஞர் அம்பேத்கர் 1913 ஜனவரியில் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். சேர்ந்த சில நாட்களிலேயே தந்தையார் இராம்ஜி சக்பால் நோயுற்ற செய்தி வந்தது. பிப்ரவரி 2-ஆம் நாள் அவர் மறைந்தார். தம் மகனின் படிப்புக்காகக் கடன்பட்டும் நூல் வாங்கித் தந்த தந்தை அவர். அதன்பின் பரோடாவுக்கு உடனே மீளும் எண்ணம் மாறிற்று. மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அயல்நாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை வழங்க முன்வந்தார்: மாதம் 11½ பவுன், மூன்று ஆண்டுகளுக்கு. அதற்கு ஈடாக, படிப்பு முடிந்தபின் பரோடா அரசில் பத்தாண்டு பணியாற்ற வேண்டுமென்று ஜூன் மாதம் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஆகவே அண்ணல் அமெரிக்காவுக்குச் சென்றது சுதந்திர மாணவராக அன்று. ஓர் அரசின் வருங்கால ஊழியராகவே சென்றார். கையில் இருந்த காலம் எண்ணப்பட்ட காலம். இதனை மனத்திற் கொண்டாலன்றி அவருடைய வாசிப்பின் வேகம் நமக்கு விளங்காது.

1913 ஜூலையில் நியூயார்க் சேர்ந்தபோது அவருக்கு வயது 22. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் விடுதியில் நவால் பத்தேனா என்னும் பார்சி இளைஞர் அறைத்தோழராய் வாய்த்தார். இப்பெயரை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டும். பின்னர் மீண்டும் வரும். அமெரிக்காவில் அவருக்குக் கிடைத்த முதற்பேறு நூலகமோ ஆசிரியரோ அல்லர். மேசையில் மற்றவர்களோடு அமர்ந்து உண்ணலாம், எவரும் எழுந்து போகமாட்டார். குழாயில் நீர் அருந்தலாம், எவரும் தடுக்கமாட்டார். பள்ளிக்கூடத்தில் தாமாகக் குடிநீரைத் தொட இயலாமல், ஊழியன் வந்து ஊற்றும்வரை வாய் வறண்டிருந்த சிறுவர் அன்றோ அவர்! அத்தகையவருக்கு இது நாள்தோறும் நிகழும் வியப்பாய் இருந்திருக்க வேண்டும்.

உதவித்தொகையில் ஒரு பங்கை அவர் வீட்டுக்கு அனுப்பி வந்தார். எஞ்சியதில் உணவுக்குப் போக மீந்ததெல்லாம் பழைய புத்தகக் கடைகளுக்குச் சென்றது. ஏறத்தாழ 2,000 நூல்களை அவ்வாறு திரட்டினார் என்பர். பல்கலைக்கழகப் பதிவேட்டில் காணப்படும் கணக்கு இன்னும் வியப்பூட்டுவது: பொருளியலில் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, அவற்றோடு தொடக்கநிலைப் பிரெஞ்சும் ஜெர்மனும். பட்டத்திற்கு இத்தனையும் தேவையில்லை. செலிக்மன் பொருளியல் கற்பித்தார். ஜான் டூயி தத்துவம் கற்பித்தார். 1916 மே 9-ஆம் நாள் கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில், இந்தியச் சாதிகளின் தோற்றத்தையும் இயக்கத்தையும் ஆராய்ந்து அவர் ஒரு கட்டுரை படித்தார். தம் குழுவுக்குள்ளேயே மணம் முடிக்கும் அகமணமே சாதியின் உயிர்நாடி என்று 25 வயது மாணவர் அங்கே நிறுவினார். பொருளியல் கற்க அனுப்பப்பட்டவர் இக்கட்டுரையை எழுதினார் என்பதே நாம் கவனிக்கத்தக்கது. உணவுமேசையில் தமக்குக் கிடைத்த சமத்துவம் தம் ஊரில் ஏன் கிடைக்கவில்லை என்னும் வினா அவரை அவ்வகுப்பறைக்கு அழைத்துச் சென்றது எனலாம்.

1916-இல் மூன்றாண்டுக் காலம் முடிந்தது. இன்னும் ஓராண்டு நீட்டிப்புப் பெற்று அவர் இலண்டனுக்குச் சென்றார். பாரிஸ்டர் படிப்புக்குக் கிரேஸ் இன்னிலும், பொருளியல் ஆய்வுக்கு இலண்டன் பொருளியல் பள்ளியிலும் பதிவு செய்துகொண்டார். இரண்டையும் முடித்தே ஊர் திரும்புவதென்பது திட்டம். ஆனால் 1917 கோடையில் உதவித்தொகை நின்றது. பரோடாவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அரைகுறையாய் நின்ற படிப்பை நான்கு ஆண்டுகளுக்குள் மீண்டும் வந்து தொடரலாம் என்று பல்கலைக்கழகத்திடம் அனுமதி பெற்றுக்கொண்டார். அந்த அனுமதிதான் அவர் இலண்டனிலிருந்து கொண்டுவந்த பெருஞ்செல்வம். ஏனெனில் மற்றச் செல்வம் கடலில் போயிற்று. அது முதல் உலகப் போர்க் காலம். அவர் வேறு கப்பலில் பயணம் செய்ய, அவருடைய பெட்டிகளையும் நூல்களையும் ஏற்றி வந்த கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி தகர்த்தது. நியூயார்க்கில் வாங்கி ஒரு நண்பரிடம் ஒப்படைத்தவற்றுள்ளும் ஒரு பகுதியே பின்னர் கைக்கு வந்தது. மூழ்கிய பெட்டிகளுக்கு இழப்பீடாகப் பயண நிறுவனம் 600 ரூபாய் தந்தது. பரோடாவுக்குச் செல்லும் செலவுக்கு அப்பணமே உதவிற்று என்பது இவ்வரலாற்றின் கசப்பான முரண்.

பரோடாவில் நேர்ந்ததை அண்ணலே தம் தன்வரலாற்றுக் குறிப்புகளில் எழுதிவைத்தார். அது 1990-இல் சிறு நூலாக வெளிவந்தது. அயல்நாட்டில் கழித்த ஆண்டுகள், தாம் தீண்டப்படாதவர் என்னும் உணர்வையே தம் உள்ளத்திலிருந்து துடைத்துவிட்டிருந்தன என்று அதில் குறிப்பிடுகின்றார். பரோடா நிலையத்தில் இறங்கியதும் அவ்வுணர்வு திரும்பிற்று. எங்கே தங்குவது? இந்து விடுதியில் இடமில்லை. பார்சி விடுதியொன்றில், பார்சிப் பெயரொன்றைப் புனைந்துகொண்டு, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் வாடகையில் மாடியில் தங்கினார். அம்மாடியில் வேறு மனிதர் இல்லை. உடைந்த நாற்காலிகளும் பலகைகளும் அடைந்த ஒரு கூடம். அதில் குடியிருந்த வௌவால்கள். மின்விளக்கு இல்லை. காவலாளி கொண்டுவந்து வைக்கும் சிறு அரிக்கேன் விளக்கின் ஒளி சில அங்குலங்களுக்கு மேல் பரவாது. தம்முடைய எஞ்சிய உடைமைகளைக் கொண்டுவந்த சகோதரி மகன் மாமனின் நிலையைக் கண்டு வாய்விட்டு அழுதான். உடனே அவனைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

அந்த இருளில் அவர் செய்தது என்ன? படித்தார், மேலும் மேலும் படித்தார். நூலில் மூழ்கியபோது தனிமை மறந்தது. வௌவால்களின் இரைச்சல் கேட்கும்போதெல்லாம் தாம் எங்கே இருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. நியூயார்க்கின் பெரும் நூலகத்தில் படித்த மனிதரும் இந்த அரிக்கேன் வெளிச்சத்தில் படித்த மனிதரும் ஒருவரே. நம் மேடைகளில் முதற்காட்சியைச் சொல்கிறோம். இரண்டாம் காட்சியை இன்னும் மிகுதியாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

பதினோராம் நாள் காலை பார்சிகள் ஒரு பன்னிருவர் தடிகளோடு மாடியேறி வந்தனர். மாலைக்குள் வெளியேற வேண்டுமென்று கட்டளையிட்டனர். இந்து நண்பர் ஒருவரையும் கிறித்தவ நண்பர் ஒருவரையும் அவர் நாடினார். ஒருவர் தம் வேலைக்காரர்கள் போய்விடுவர் என்றார். மற்றவர் மனைவியைக் கேட்டுச் சொல்வதாய் நயமாக ஒதுங்கினார். பம்பாய் வண்டி இரவு ஒன்பது மணிக்கு. இடைப்பட்ட ஐந்து மணி நேரத்தைக் கழிக்கக் காமாத்தி பாக் என்னும் பொதுப் பூங்காவில் சென்று அமர்ந்தார். மனம் பாதி வெறுமையாயும் பாதி துயரமாயும் இருந்த அவ்வேளையில், திக்கற்ற குழந்தையைப் போல் இறந்துபோன தாயையும் தந்தையையும் எண்ணிக்கொண்டிருந்தார். பத்தாண்டுப் பணி என்ற ஒப்பந்தம் பதினோரு நாளில் முடிந்தது. அம்மரத்தடியில் அவர் பெருஞ்சூள் உரைத்தார் என்று பிற்காலத்தார் சேர்த்துக் கூறுவதுண்டு. அவரே எழுதியதில் சூள் இல்லை. அழுகையும் நினைவுகளுமே உள்ளன. நமக்கு அதுவே போதும்.

நான்காண்டு அனுமதியில் ஓராண்டு பம்பாயில் வேலை தேடுவதிலேயே கழிந்தது. 1918 நவம்பரில் சிடனம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. மாதம் 450 ரூபாய். ஊதியத்தின் ஒரு பகுதியை வீட்டுக்குக் கொடுத்து மற்றதை இலண்டனுக்கென்று சேர்த்தார். 1920 ஜனவரி 31-இல் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். இதழ் பிறந்த அரையாண்டிலேயே அதனைப் பிறர் கையில் விட்டுக் கப்பலேற வேண்டியிருந்தது. காத்திருந்தால் அனுமதிக் காலம் காலாவதியாகிவிடும். சேமிப்பு போதவில்லை. கோல்ஹாப்பூர் மன்னர் சாகு மகாராஜா உதவினார். நியூயார்க் அறைத்தோழர் நவால் பத்தேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். பார்சி விடுதியிலிருந்து தடியோடு விரட்டியவர்களும் பார்சிகள். படிக்கக் கடன் தந்தவரும் பார்சி. இதனை நம் இளைஞர் சிந்திப்பது நலம்.

இரண்டாம் இலண்டன் வாழ்க்கை முற்றிலும் பட்டினியும் படிப்புமாய்க் கழிந்தது. காலையில் ரொட்டித் துண்டொன்றும் ஒரு கோப்பை பானமும்; பகலுணவு பெரும்பாலும் இல்லை; இரவில் பசி தாங்காதபோது நண்பர் கொடுத்த அப்பளம் சிலவற்றைச் சுட்டுத் தின்றார். காசை மிச்சப்படுத்த நடந்தே சென்றார். பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம் திறக்கும்போது உள்ளே சென்றவர் மூடும்போதுதான் வெளிவந்தார். அறைக்குத் திரும்பியபின் விடியும்வரை மீண்டும் நூல்.

பம்பாயில் அம்மையார் இராமாபாய் பட்ட பாடு இதனினும் சிறியதன்று. தொழிலாளர் குடியிருப்பில், சில அணாக்களில் நாளைத் தள்ளிக் குடும்பத்தை நடத்தினார். பெற்ற ஐந்து மக்களில் யஷ்வந்த் ஒருவரே எஞ்சினார். அண்ணலின் படிப்பைப் புகழ்வோர் பெரும்பாலும் அவ்வம்மையாரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். அண்ணல் அவ்வாறு கடக்கவில்லை. அம்மையார் 1935-இல் மறைந்தபின், 1940-இல் வெளியிட்ட பாகிஸ்தான் பற்றிய நூலை அவர் நினைவுக்கே படைத்தார்.

1921-இல் எம்.எஸ்சி. பட்டம் கிடைத்தது. 1922 ஜூனில் பாரிஸ்டரானார். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்திலும் ஆய்வு செய்ய எண்ணி, நியூயார்க்கில் கற்ற ஜெர்மனிலேயே விண்ணப்பம் எழுதிச் சென்றார், அத்திட்டமும் முற்றுப்பெறவில்லை. டி.எஸ்சி. பட்டத்திற்காக ரூபாயின் சிக்கல் பற்றி எழுதிய ஆய்வேட்டை 1922 அக்டோபரில் அளித்தார். இந்திய நாணயத்தை இங்கிலாந்தின் வசதிக்கேற்ப ஆட்டிவைத்த கொள்கையை அது கடுமையாகத் தாக்கியது. தேர்வாளர்கள் அதனை அவ்வாறே ஏற்க மறுத்துத் திருத்தி எழுதப் பணித்தனர். கையிலோ பணமில்லை. பட்டம் பெறாமலே 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பினார். அங்கிருந்தே திருத்தி அனுப்பினார். முடிவுகளின் கூர்மை மழுங்காமல் திருத்தினார் என்பது நூலைப் படிப்போருக்கு விளங்கும். அவ்வாண்டு இறுதியில் பட்டமும் வந்தது, பேராசிரியர் எட்வின் கேனனின் முன்னுரையோடு நூலும் வந்தது. அந்நூலிலிருந்தே ரிசர்வ் வங்கி பிறந்தது என்று சிலர் முழங்குவர். அத்தகைய மிகை அவருக்குத் தேவையில்லை. 1925-இல் நாணய ஆணையத்தின்முன் அமர்ந்து வல்லுநராய்ச் சாட்சியம் அளித்தார் என்பது உண்மை; அதுவே பெரிது.

நம் மாணவன் ஒருவன் பணமின்றியோ வீட்டுத் துயரத்தாலோ இடையில் நின்று ஊர் திரும்பினால், அவனைத் தோற்றவன் என்று உறவினரே ஏசுவதை நாம் கண்டிருக்கிறோம். அக்கணக்கின்படி 1917-இல் ஊர் திரும்பிய அம்பேத்கரும் தோற்றவர். 1923 ஏப்ரலில் கப்பலிலிருந்து இறங்கிய அம்பேத்கரும் தோற்றவர். பட்டமில்லாத அவ்விரு வருகைகளிலும் அவரோடு வந்தவை, திரும்பச் செல்ல ஓர் அனுமதியும் திருத்தி எழுத ஒரு கையெழுத்துப் படியுமே.

1930 நவம்பர் 12-இல் இலண்டனில் வட்டமேசை மாநாடு தொடங்கியபோது, தாழ்த்தப்பட்ட மக்களின் சார்பில் அமர்ந்தவர் இருவர். ஒருவர், பசியோடு நடந்த அதே தெருக்களுக்குப் பேராளராய்த் திரும்பிய அண்ணல். மற்றவர் நம் தமிழகத்து இரட்டைமலை சீனிவாசனார். அவரும் நம் மக்களின் குறைகளை இலண்டனில் முறையிடவென்று 1900-ஆம் ஆண்டளவிலேயே புறப்பட்டவர்தாம். வழியில் ஆப்பிரிக்காவிலேயே தங்க நேர்ந்து, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராய்ப் பல்லாண்டு பணியாற்றி, தாயகம் திரும்பி, சட்டமன்றத்தில் நம் மக்களுக்குப் பொதுத் தெருக்களையும் கிணறுகளையும் திறந்துவிடக் கோரும் தீர்மானம் கொண்டுவந்து, அதன்பின்னரே இலண்டன் சேர்ந்தார். அன்று அவருக்கு வயது எழுபது கடந்திருந்தது. புறப்பட்டு முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.