கையில் தூக்கிப் போகும் கம்ப்யூட்டர்: திருவண்ணாமலையில் வளர்ந்த ஆடம் ஆஸ்போர்ன் யார்?

லேப்டாப் வாங்கும்போது எல்லோருக்கும் வரும் குழப்பம் இது. எடை குறைவா இருக்கணுமா, ஸ்கிரீன் பெருசா இருக்கணுமா, விலை கம்மியா இருக்கணுமா? மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம். 1981-லேயே இந்தக் கணக்கைப் போட்டு ஜெயித்தவர், பிறகு அதே கணக்கில் சறுக்கியவர் ஆடம் ஆஸ்போர்ன். சிறுவயதில் தமிழை சரளமாகப் பேசியவர்.

திருவண்ணாமலை தொடர்பு என்ன?

1939-ல் பாங்காக்கில் பிறந்தார். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர், அம்மா போலந்துக்காரர். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர்கள் அப்பாவைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். அம்மாவும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் இருந்தார்கள். ஆடம் வளர்ந்தது அங்கேதான்.

11 வயதில் இங்கிலாந்து போனார். பர்மிங்ஹாமில் கெமிக்கல் இன்ஜினியரிங், அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். ஷெல் நிறுவனத்தில் கொஞ்ச காலம் வேலை. அதை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் பற்றி எளிமையான புத்தகங்கள் எழுதி வெளியிட ஆரம்பித்தார். 1979-ல் அந்தப் பதிப்பகத்தை மெக்ரா-ஹில் வாங்கியது.

ஆஸ்போர்ன் 1: எதைக் கொடுத்து எதை வாங்கினார்?

1981 ஏப்ரலில் ஆஸ்போர்ன் 1 அறிமுகமானது. வடிவமைத்தவர் லீ ஃபெல்சன்ஸ்டைன். தையல் மிஷின் பெட்டி மாதிரி இருக்கும். எடை சுமார் 11 கிலோ. இன்றைக்கு சிரிப்பு வரலாம். ஆனால் மேஜையை விட்டு நகராத கம்ப்யூட்டர்களின் காலத்தில், விமான சீட்டுக்கு அடியில் வைக்கக்கூடிய மிஷின் என்பது பெரிய விஷயம்.

இதற்காக அவர் விட்டுக்கொடுத்தது ஸ்கிரீனை. அளவு வெறும் 5 அங்குலம், இன்றைய செல்போனை விடச் சின்னது. ஒரு வரியில் 52 எழுத்துதான் தெரியும். மீதியைப் பார்க்க பட்டனை அழுத்தி பக்கவாட்டில் நகர்த்தணும்.

விலை 1,795 டாலர். கூடவே வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க் போன்ற மென்பொருட்களும் கிடைத்தன. அவற்றைத் தனியாக வாங்கினால் அதற்கே பெரும் பணம் ஆகும். ஜனங்கள் சின்ன ஸ்கிரீனைப் பொறுத்துக்கொண்டதற்கு இதுவே காரணம். உச்சத்தில் மாதம் 10,000 கம்ப்யூட்டர் வரை விற்றது.

எங்கே சறுக்கினார்?

1982-ல் கேப்ரோ வந்தது. அதே 1,795 டாலர், ஆனால் 9 அங்குல ஸ்கிரீன், வரிக்கு 80 எழுத்து. இன்னொரு பக்கம் ஐபிஎம் பிசி வளர்ந்தது. சமாளிக்க, 7 அங்குல ஸ்கிரீனோடு எக்ஸிக்யூட்டிவ் என்ற புது மாடலைப் பற்றி ஆஸ்போர்ன் முன்கூட்டியே பேசினார். புதுசு வரட்டும் என்று வாங்குபவர்கள் காத்திருந்தார்கள், பழைய சரக்கு தேங்கியது. 1983 செப்டம்பரில் கம்பெனி திவால்.

புது மாடலை அவசரப்பட்டு அறிவித்து பழைய மாடலின் விற்பனையைக் கெடுத்துக்கொள்வதை வணிக உலகம் இன்றும் 'ஆஸ்போர்ன் விளைவு' என்கிறது. வீழ்ச்சிக்கு அது மட்டும் காரணமில்லை, போட்டிதான் முக்கியம் என்று சொல்பவர்களும் உண்டு.

அடுத்து குறைந்த விலை மென்பொருள் விற்க பேப்பர்பேக் சாஃப்ட்வேர் தொடங்கினார். லோட்டஸ் நிறுவனம் தொடுத்த பதிப்புரிமை வழக்கில் 1990-ல் தோற்றார். உடல்நலம் கெட்டு 1992-ல் இந்தியா திரும்பினார். 2003 மார்ச் 18-ல் கொடைக்கானலில் காலமானார். வயது 64.

இன்று வாங்குபவருக்கு இதில் என்ன இருக்கு?

கூரம் மாதிரி ஊரிலிருந்து காஞ்சிபுரம் வந்து, அங்கிருந்து தினமும் ரயிலில் சென்னை போய்வருகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக 14 அங்குல லேப்டாப் ஒன்றரை கிலோவுக்குள் அடங்கும். 15.6 அங்குலம் என்றால் இரண்டு கிலோவை நெருங்கும். சார்ஜர் எடை தனி. எடையும் குறைந்து, ஸ்கிரீனும் நல்லா இருக்கணும்னா விலை ஏறும்.

பை தோளில் இருக்கும் நேரம் அதிகமா, ஸ்கிரீனைப் பார்க்கும் நேரம் அதிகமா என்று முதலில் பாருங்கள். ஆபீஸிலோ வீட்டிலோ தனி மானிட்டர் இருந்தால் சின்ன ஸ்கிரீனே போதும். இல்லாவிட்டால், நாள் முழுக்கக் கணக்கு ஷீட் பார்ப்பவருக்கு அரை கிலோ கூடுதல் எடை பெரிய நஷ்டமில்லை. அடுத்த மாடல் வரட்டும் என்று காத்திருந்தால் மட்டும், காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.