இரட்டையரைப் பிரித்த வெல்ஸ்பாக்

எங்கள் வீட்டுப் பரணில் துருப்பிடித்த பெட்ரோமாக்ஸ் விளக்கொன்று கிடக்கிறது. கல்யாணமோ சாவோ, தெருவில் அதை ஏற்றுபவர் தாத்தாதானாம். அதில் கட்டும் மேண்டிலைக் கண்டவர் யாரென்று, லாந்தனைடு பாடம் நடந்தபோதுதான் அறிந்தேன். அவரே கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக்.

1858-இல் வியன்னாவில் பிறந்த இவர், ஹைடெல்பர்க்கில் புன்சனிடம் பயின்று 1882-இல் முனைவரானார். நம் ஆய்வுக்கூடத்து அடுப்புக்குப் பெயர் தந்த அதே புன்சன்தான்! நிறமாலையால் தனிமங்களை அறியும் முறையைக் கிர்க்காஃபுடன் உருவாக்கியவரும் அவரே.

அந்நாளில் டிடிமியம் என்பதும் ஒரு தனிமமாகவே கருதப்பட்டது. இரட்டை என்பது அப்பெயரின் பொருள். அதற்குள்ளேயே இரட்டையர் ஒளிந்திருந்ததை மெய்ப்பித்தவர் வெல்ஸ்பாக். லாந்தனைடு அயனிகள் பெரும்பாலும் மூன்று நேர்மின்சுமை கொண்டவை. பருமனிலும் மிகச் சிறிதே வேறுபடுபவை. எனவே சாதாரண வினைகளால் அவற்றைப் பிரிப்பது அரிது. அவர் டிடிமியத்தை அம்மோனியம் இரட்டை நைட்ரேட்டாக்கிப் படிகமாக்கினார். படிகத்தை ஒருபுறமும் தாய்நீரை ஒருபுறமும் வைத்து, இரண்டையும் மீண்டும் மீண்டும் படிகமாக்கினார். ஒவ்வொரு பகுதியையும் நிறமாலைகாட்டியில் பார்த்தார். ஒன்றில் மங்கிய உறிஞ்சு பட்டைகள் மற்றொன்றில் வலுத்தன! 4f எலக்ட்ரான்களை வெளிக்கூடுகள் மறைத்துக் காப்பதால், கரைசலிலும் அப்பட்டைகள் குறுகித் தெளிவாக இருக்கும். 1885-இல் முடிவு வெளியாயிற்று. பச்சை உப்புத் தந்தது பிரசியோடிமியம். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த உப்புத் தந்தது நியோடிமியம்.

செய்முறை வகுப்பில் ஒரே ஒரு படிகாரப் படிகம் வளர்க்கப் பொறுமையின்றிச் சூடேற்றி, வெறும் தூளைப் பெற்றவன் நான். அதனால்தான் இதை இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

மேண்டிலும் எளிதில் அமையவில்லை. முதலில் செய்தவை பச்சை ஒளி தந்தன, விரைவில் உடைந்தன. தொழிற்சாலை 1889-இல் மூடப்பட்டது. 1891-இல் தோரியம் ஆக்சைடு 99 பங்கும் சீரியம் ஆக்சைடு 1 பங்குமாகக் கலந்தபோது வெள்ளொளி பிறந்தது. இத்தோரியத்துக்காகவே நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட்டு மணலும் பின்னாளில் கப்பலேறியது. லைட்டரில் பொறி பறக்கும் கல்லும் 1903-இல் அவர் தந்ததே.

மனத்தை உறுத்துவது வேறொன்று. இட்டர்பியமும் இரு தனிமங்களே என்று 1905-இல் அவர் அறிவித்தார். ஒன்றுக்குக் காசியோப்பியம் என்று பெயரிட்டார். பிரான்சின் உர்பேன் 1907-இல் அதே பிரிப்பை வெளியிட்டார். 1909-இல் அணு எடைக் குழு உர்பேன் பக்கமே தீர்ப்பளித்தது. அக்குழுவில் உர்பேனும் ஓர் உறுப்பினர்! வழக்காடியவரே நீதிபதியாகவும் அமரலாமா? பிற்காலத்தில் ஆராய்ந்தபோது வெல்ஸ்பாக்கின் மாதிரியே தூய்மை மிக்கதாக இருந்தது. ஆயினும் லுட்டீசியம் என்ற பெயரே நிலைத்தது. 1929-இல் அவர் மறைந்தார்.

என் குறிப்பேட்டில் தனிம அட்டவணையின் 71-ஆம் கட்டத்தருகே, காசியோப்பியம் என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.