எறிகணை விழும் இடத்தைப் பார்த்துச் சொன்னவர்

ஊடகக் கற்கைகள் படிப்பதாகச் சொன்னால், எந்தத் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கப் போகிறாய் என்பதுதான் எங்கள் ஊரில் அடுத்த கேள்வி. கமரா பிடிப்பதும் செய்தி எழுதுவதும் அந்தப் பாடத்தில் உண்டுதான். ஆனால் அதற்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவர் ஊடக நிறுவனம் எதிலிருந்தும் வந்தவரல்லர். யுத்தத்தில் காயப்பட்டுத் திரும்பிய ஒரு கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை. பெயர் ஹரோல்ட் இனிஸ். பட்டப்படிப்புக் காலத்தில் நான் படித்தவர்களுள் இன்றும் என் வேலைக்கு உதவுகிறவர் அவர்.

1894 நவம்பர் 5 ஆம் திகதி கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஒட்டர்வில் என்ற சிற்றூருக்கு அருகே இனிஸ் பிறந்தார். மகன் மதபோதகராக வரவேண்டும் என்பது தாயின் ஆசை. அவரோ அப்போது ரொறன்ரோவில் இயங்கிய மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1916 இல் பட்டம் பெற்றார். அங்கே மெய்யியல் கற்பித்த ஆசிரியர் ஒருவர், மனிதர்கள் சில விடயங்களை மட்டும் கவனிப்பது ஏன் என்று மாணவர்களிடம் கேட்டிருந்தார். அந்தக் கேள்வி இனிஸை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

பட்டம் பெற்ற அதே ஆண்டில் இராணுவத்தில் சேர்ந்து பிரான்சின் போர்முனைக்குப் போனார். பீரங்கிப் படையில் சமிக்ஞையாளர் வேலை. எறிகணை எங்கே விழுகிறது என்று பார்த்து, அடுத்ததை எப்படிக் குறிவைப்பது என்று பின்னால் இருப்பவர்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். ஒரு தகவல் போய்ச் சேருவதில் உயிர்கள் தங்கியிருக்கின்றன என்பதைப் புத்தகத்தில் படிக்கும் முன்பே அவர் கண்ணால் கண்டிருந்தார்.

1917 ஜூலை 7 ஆம் திகதி எறிகணைச் சிதறல் அவரது வலது தொடையில் பாய்ந்தது. எட்டு மாதங்கள் இங்கிலாந்தில் சிகிச்சை. புண் முழுதாக ஆற ஏழு ஆண்டுகள் எடுத்தன. மனச்சோர்வும் நரம்புத் தளர்ச்சியும் சாகும்வரை வந்து வந்து போயின. காயத்திலிருந்து தேறிவந்த நாட்களிலேயே முதுமாணி ஆய்வை எழுதி முடித்தார். தலைப்பு, திரும்பி வந்த போர்வீரன். யுத்தத்தின் பாதிப்பிலிருந்து ஆட்களை மீட்கவும் நாட்டைக் கட்டியெழுப்பவும் அரசு என்னென்ன செய்யவேண்டும் என்பதுதான் பொருள்.

பிறகு சிக்காகோவில் பொருளியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1920 இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். மிருகத் தோல் வணிகத்தை ஆராய 1924 இல் நண்பர் ஒருவருடன் சிறு வள்ளத்தில் மக்கென்சி ஆற்றுவழியே வடக்கே பயணம் செய்தார். 1930 இல் அந்த வணிகம் பற்றிய நூலும் 1940 இல் கடல்மீன் பிடிப்பு பற்றிய நூலும் வெளிவந்தன. அடுத்து அவர் கவனம் மரக்கூழுக்கும் கடதாசிக்கும் திரும்பியது. கனடாவின் காடுகள் கடதாசியாகி அமெரிக்கப் பத்திரிகைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. கடதாசியின் வழியைத் தொடர்ந்து போனவர் பத்திரிகையிடம் வந்து சேர்ந்தார். அங்கிருந்து களிமண் பலகை, பப்பிரசுத் தாள், தோலேடு, அச்சு, வானொலி என்று முழு மனித வரலாற்றையும் திரும்பிப் பார்த்தார்.

பேரரசும் தொடர்பாடலும் 1950 இலும், தொடர்பாடலின் சாய்வு 1951 இலும் வெளிவந்தன. அவற்றின் சாரத்தை எளிமையாகச் சொல்லலாம். கல், களிமண் போன்ற கனத்த ஊடகங்கள் காலத்தைத் தாண்டி நிற்கும், தூரம் போகா. கடதாசி போன்ற இலேசான ஊடகங்கள் தூரத்தை வெல்லும், நெடுநாள் நில்லா. ஓர் ஊடகம் யார் கையில் இருக்கிறதோ, எது அறிவு என்பதைத் தீர்மானிக்கும் பலமும் அவர்களிடம் சேர்ந்துவிடும். தன் காலத்து மேற்குலகம் அன்றன்றைய செய்தியிலேயே மூழ்கிக் காலத்தின் நினைவை இழக்கிறது என்று அவர் அஞ்சினார்.

இதை எங்கள் அனுபவத்தில் வைத்துப் பார்க்கலாம். 2009 இல் வன்னியிலிருந்து வெளியேறிய படங்கள் உடனுக்குடன் ரொறன்ரோவைச் சென்றடைந்தன. மே 10 ஆம் திகதி அந்நகரத் தமிழர்கள் கார்டினர் நெடுஞ்சாலையில் இறங்கி மறித்தார்கள். இனிஸ் வாழ்ந்து கற்பித்த அதே நகரம். தூரத்தை வெல்ல எங்களுக்கு வழி இருந்தது. காலம்தான் கடினமாக இருக்கிறது. ஏடுகளையும் நூல்களையும் காத்த யாழ். பொது நூலகம் 1981 இல் எரிந்தது. யாழ். பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8 ஆம் திகதி இரவு இடிக்கப்பட்டு, அதே ஆண்டில் மீண்டும் எழுந்தது. கட்டடமும் கல்லும் ஏன் குறிவைக்கப்படுகின்றன என்பதை இனிஸைப் படித்த பிறகு இன்னும் தெளிவாக விளங்கிக்கொண்டேன்.

இரண்டாம் உலகப் போரின்போது கலைப்பீடங்களின் படிப்பைக் குறைக்கும் யோசனை கனடாவில் எழுந்தது. போர்முனையைக் கண்ட இனிஸ் அதை எதிர்த்தார். 1947 இல் பட்டப்பின் படிப்புகளின் பீடாதிபதியானார். 1952 நவம்பர் 8 ஆம் திகதி, 58 வயதில் புற்றுநோயால் இறந்தார். அதே பல்கலைக்கழகத்தில் கற்பித்த மார்ஷல் மக்லுகன் அவரது சிந்தனையைத் தொடர்ந்து உலகப் புகழ்பெற்றார். இனிஸ் தன் பிரதியின் ஓரங்களில் எழுதிவைத்த குறிப்புகளைச் சேர்த்து, பேரரசும் தொடர்பாடலும் நூலின் திருத்திய பதிப்பை 1972 இல் கொண்டுவந்தவர் மனைவி மேரி குவேல் இனிஸ்.

ஊடகக் கற்கைகளுக்கு விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகள் கமராவைத் தாராளமாகக் கற்கட்டும். கூடவே தாங்கள் பதிவு செய்வது எதில் சேமிக்கப்படுகிறது, அதன் திறப்பு யாரிடம் இருக்கிறது, இன்னும் ஐம்பது ஆண்டுகளில் அதை யார் திறந்து பார்ப்பார்கள் என்றும் கேட்கப் பழகட்டும். சாட்சிகள் முதுமையடைந்துவரும் எங்கள் ஊர்களில் இந்தக் கேள்விகளைத் தள்ளிப்போட நேரமில்லை.