பி. சீனிவாசராவ்

பி. சீனிவாசராவ் (1907 – செப்டம்பர் 1961) காவிரிப் படுகையில் குத்தகை விவசாயிகளையும் பண்ணையாட்களையும் ஒரே சங்கமாகத் திரட்டிய பொதுவுடைமை இயக்கத் தலைவர் ஆவார். பி. எஸ். ஆர். என்னும் சுருக்கப் பெயராலும் அறியப்படுகிறார்.

இளமை

கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். கல்லூரிப் படிப்பை விட்டுச் சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சென்னைக்கு வந்தார். அந்நியத் துணிக்கடை மறியலில் காவலர்களின் தடியடிக்கு ஆளானார். பின்னர் காங்கிரஸ் சோசலிஸ்டுக் கட்சி வழியாகக் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார்.

தஞ்சைப் பணி

1943 இல் கட்சி இவரைத் தஞ்சை மாவட்டத்துக்கு அனுப்பியது. மன்னார்குடி வட்டத்துத் தென்பரையில் விவசாயிகள் சங்கம் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் கீழத்தஞ்சையின் நிலங்களில் பெரும்பகுதி மிராசுதார்கள், மடங்கள், கோயில்கள் ஆகியோரிடம் இருந்தது. விதை, உழவு, உழைப்பு எல்லாம் குத்தகையாளருடையது. எனினும் விளைச்சலில் ஐந்தில் ஒன்றோ நான்கில் ஒன்றோதான் அவர் கைக்கு வந்தது. பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதியினராகிய பண்ணையாட்களின் நிலை இதனினும் கொடியது. தவறு செய்ததாகக் கருதப்பட்டவர்களுக்குச் சவுக்கடியும், சாணத்தைக் கரைத்துப் புகட்டும் சாணிப்பாலும் தண்டனைகளாக இருந்தன. இவற்றை ஒழிப்பதே சங்கத்தின் முதற்கோரிக்கை ஆயிற்று. கூலி உயர்வைவிட இதுவே மக்களைச் சங்கத்தின்பால் ஈர்த்தது எனலாம். சேரிகளிலேயே தங்கி, அவர்களோடு உண்டு பணியாற்றிய இவருடைய தமிழில் கடைசிவரை கன்னட வாடை இருந்தது. 1944 இல் ஏற்பட்ட உடன்பாட்டில் நிலவுடைமையாளர்கள் இத்தண்டனைகளைக் கைவிட ஒப்புக்கொண்டனர். சுதந்திரத்துக்குப் பின் கட்சி தடை செய்யப்பட்டபோது தலைமறைவாக இருந்தார்.

சட்டங்கள்

1952 இல் இராசாசி அமைச்சரவை தஞ்சாவூர் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. குத்தகையாளருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கும், ஐந்தாண்டு சாகுபடி உரிமையும் கிடைத்தன. அயர்லாந்துக் குத்தகை விவசாயிகள் 1881 ஆம் ஆண்டின் நிலச் சட்டத்தில் பெற்றவையும் ஏறத்தாழ இவையே: நியாய வாரம், வெளியேற்றத்திலிருந்து பாதுகாப்பு.

ஆனால் ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு (6⅔ ஏக்கர்) மேல் நிலம் உடையவர்களையே இச்சட்டம் கட்டுப்படுத்தியது. மேலும் அது தஞ்சை மாவட்ட எல்லையோடு நின்றுவிட்டது. அதே காவிரி நீரில் உழுத திருவரங்கம், இலால்குடிப் பகுதிக் குத்தகையாளர்கள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தினர் ஆதலின் 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு மாநிலம் முழுமைக்குமான சாகுபடிக் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1956 ஆம் ஆண்டின் நியாய வாரச் சட்டம் நன்செய் நிலத்தில் உடைமையாளர் பங்கை 40 விழுக்காடாகக் குறைத்தது. திருச்சிராப்பள்ளியில் வழங்கிய கையேறுவாரம், மாட்டுவாரம் ஆகிய முறைகளுக்கு 1958 இல் தனிச்சட்டம் வந்தது.

இறுதிப் போராட்டம்

1960 இல் நில உச்சவரம்பு மசோதா முன்வைக்கப்பட்டது. 30 தர ஏக்கர் என்ற வரம்பும் ஏராளமான விலக்குகளும் பெருநிலவுடைமையைக் காக்கவே உதவும் எனச் சங்கம் எதிர்த்தது. மாநிலமெங்கும் நடந்த மறியலில் ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர். அப்போராட்டக் காலத்திலேயே உடல்நலம் குன்றிச் சீனிவாசராவ் தஞ்சாவூரில் காலமானார். இவருடைய நினைவிடம் திருத்துறைப்பூண்டியில் உள்ளது. உச்சவரம்பு 1970 இல் 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது.