மே 12: சர்வதேச செவிலியர் தினம் – இந்தியாவைப் பாராமலே இந்தியாவுக்காக உழைத்த புளோரன்ஸ் நைட்டிங்கேல்

நவீன செவிலியர் பணிக்கு அடித்தளமிட்ட புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த மே 12-ம் தேதி, ஆண்டுதோறும் சர்வதேச செவிலியர் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இரவில் கையில் விளக்கேந்தி நோயாளிகளை நாடிச் சென்ற பெண்மணியாகவே உலகம் அவரை நினைவுகூர்கிறது. ஆனால், 90 ஆண்டுகள் வாழ்ந்த அவர், போர்க்கால மருத்துவப் பணியில் இருந்தது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவான காலமே. அதற்குப் பிந்தைய வாழ்வின் பெரும்பகுதியில் அவரது சிந்தனையில் இடம்பெற்றிருந்த நாடு, அவர் ஒருமுறைகூட காலடி வைத்திராத இந்தியா.

செல்வச் செழிப்புமிக்க ஆங்கிலேயக் குடும்பம் ஒன்று இத்தாலியில் தங்கியிருந்தபோது, 1820-ம் ஆண்டு புளோரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவருக்கும் சூட்டப்பட்டது. தந்தையிடம் மொழிகளும் வரலாறும் கற்ற அவர், கணிதத்தில் தனி ஆர்வம் கொண்டிருந்தார். செவிலியராக வேண்டும் என்ற அவரது விருப்பத்தைக் குடும்பத்தினர் கடுமையாக எதிர்த்தனர். அக்காலத்தில் மருத்துவமனைப் பணி, கல்வியும் மதிப்பும் உள்ள பெண்களுக்கு உரியதாகக் கருதப்படவில்லை. பல ஆண்டுகள் போராடிய பிறகே, 1851-ல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நிறுவனத்தில் அவர் பயிற்சி பெற முடிந்தது.

கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில் 38 பெண்கள் கொண்ட குழுவுடன், கான்ஸ்டான்டிநோபிள் நகரை அடுத்த ஸ்குட்டாரியில் இயங்கிய ராணுவ மருத்துவமனையை அவர் சென்றடைந்தார். படுக்கை, துணி, உணவு, மருந்து என அனைத்திலும் அங்கு பற்றாக்குறை நிலவியது. செவிலியர்கள் ஓய்வின்றி உழைத்தும் அந்தக் குளிர்காலத்தில் இறப்புகள் குறையவில்லை. 1855 பிப்ரவரியில் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 42 சதவீதம் பேர் உயிரிழந்தனர்.

மார்ச் மாதம் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு, மருத்துவமனைக்கு அடியில் அடைபட்டுக் கிடந்த கழிவுநீர்க் கால்வாய்களைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்துக்கும் வழிவகுத்தது. ஜூன் மாதத்தில் இறப்பு விகிதம் சுமார் 2 சதவீதமாகக் குறைந்தது.

நாடு திரும்பிய நைட்டிங்கேல், புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபார் உதவியுடன் இந்த விவரங்களை ஆராய்ந்தார். போர்க்காயங்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களே அதிக வீரர்களின் உயிரைப் பறித்தன என்பது எண்களில் தெளிவானது. பரிவும் அர்ப்பணிப்பும் மட்டும் நோயாளியைக் காப்பாற்றிவிடாது என்ற இந்த உண்மையே, அவரது எஞ்சிய வாழ்வின் திசையைத் தீர்மானித்தது. இறப்புக் கணக்கை மாதவாரியாக விளக்கும் வண்ண வட்ட வரைபடங்களை அவர் வெளியிட்டார். 1858-ல் லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரானார்.

போர்க்காலத்தில் மக்கள் அளித்த நன்கொடையைக் கொண்டு, 1860-ல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. முறையான பயிற்சி, பாதுகாப்பான தங்குமிடம், உரிய ஊதியம், செவிலியர்களைச் செவிலியர் ஒருவரே மேற்பார்வையிடும் நிர்வாக அமைப்பு ஆகியவை அதன் அடிப்படைகள். இங்கு பயின்றோர் பல நாடுகளுக்கும் சென்று, இம்முறையைப் பரப்பினர்.

இதே காலகட்டத்தில்தான் அவரது கவனம் இந்தியாவை நோக்கித் திரும்பியது. இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் வீரர்களின் உடல்நிலை குறித்து ஆராய 1859-ல் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. நைட்டிங்கேல் அதில் உறுப்பினராக இல்லாவிட்டாலும், ஆணையத்தின் பணியில் பெரும்பங்கு அவருடையதாகவே இருந்தது. உடல்நலம் குன்றி, பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்த நிலையில், இந்தியாவின் ராணுவ நிலையங்கள் அனைத்துக்கும் வினாப்பட்டியல் அனுப்பச் செய்து, வந்து குவிந்த பதில்களை ஆராய்ந்தார்.

1863-ல் வெளியான அறிக்கையின்படி, ஆண்டுக்கு ஆயிரம் வீரர்களில் 69 பேர் உயிரிழந்து வந்தனர். இதற்கு வெப்பமான தட்பவெப்பநிலையே காரணம் என்று பொதுவாகக் கூறப்பட்டு வந்தது. அதை மறுத்த நைட்டிங்கேல், அசுத்தமான குடிநீர், வடிகால் வசதியின்மை, நெரிசலான குடியிருப்பு, மதுப்பழக்கம் ஆகியவற்றைச் சுட்டிக்காட்டினார். இதையடுத்து வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் அமைக்கப்பட்டன. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அவர் வெளியிட்ட மதிப்பீட்டில், இந்த இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 18 ஆகக் குறைந்திருந்தது.

இந்திய மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற செவிலியர்களை நியமிப்பது குறித்தும் 1865-ல் அவர் பரிந்துரைகளை எழுதினார். எனினும், செலவைக் காரணம் காட்டி அந்த முயற்சி கைவிடப்பட்டது. ஆயினும், காலப்போக்கில் மாற்றம் வந்தது. 1871-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1888 பிப்ரவரியில், ராணுவ மருத்துவமனைகளில் பணியாற்றுவதற்காகப் பயிற்சி பெற்ற 10 செவிலியர்கள் பம்பாயில் வந்திறங்கினர். கேத்தரின் கிரேஸ் லாக் அவர்களுக்குத் தலைமை வகித்தார். இன்றைய ராணுவ செவிலியர் சேவையின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது.

ராணுவ முகாம்களுடன் அவரது அக்கறை நின்றுவிடவில்லை. மக்களின் நலனைப் புறக்கணித்துவிட்டு வீரர்களை மட்டும் காக்க முடியாது என்பதை அவர் உணர்ந்தார். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சம் அவரை ஆழமாகப் பாதித்தது. விவசாயிகளின் கடன்சுமை, நீர்ப்பாசனத்தின் தேவை ஆகியவை குறித்துத் தொடர்ந்து எழுதினார். கோதாவரி அணைக்கட்டை உருவாக்கிய பொறியாளர் ஆர்தர் காட்டனின் பாசனத் திட்டங்களை ஆதரித்தார். முதிய வயதிலும் இந்தியக் கிராமங்களின் சுகாதாரம் பற்றி வலியுறுத்தி வந்தார்.

அவரது கருத்துகள் அனைத்தையும் காலம் ஏற்றுக்கொள்ளவில்லை. செவிலியர்களுக்குத் தேர்வு நடத்தி அரசுப் பதிவேட்டில் சேர்க்கும் யோசனையை, நற்பண்பையும் பரிவையும் தேர்வால் அளவிட முடியாது என்று கருதி எதிர்த்தார். இன்று அத்தகைய பதிவே செவிலியர் பணியின் சட்டபூர்வ அடையாளமாக உள்ளது. இந்தியாவில் 1947-ம் ஆண்டின் இந்திய செவிலியர் மன்றச் சட்டம் அதற்கு வழிவகுத்தது.

1907-ல் பிரிட்டனின் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதைப் பெற்ற முதல் பெண் என்ற சிறப்பைப் பெற்ற நைட்டிங்கேல், 1910 ஆகஸ்ட் 13 அன்று லண்டனில் காலமானார். அவரது பெயரில் 1973 முதல் மத்திய அரசு சிறந்த செவிலியர்களுக்குத் தேசிய விருது வழங்கி வருகிறது.

செவிலியரின் சேவையைப் போற்றுவது எளிது. அந்தச் சேவை பலனளிப்பதற்கான சூழலை உருவாக்குவதே கடினம். தூய நீர், சுத்தமான வார்டு, முறையான பயிற்சி, போதிய ஊதியம், ஒவ்வோர் இறப்பையும் பதிவு செய்து காரணம் தேடும் வழக்கம் ஆகியவற்றை வலியுறுத்திய நைட்டிங்கேலின் வாழ்வு, மருத்துவமனைகளை நடத்துவோருக்கு இன்றும் உரிய பாடமாகத் திகழ்கிறது.